‘ஓடுதா?’, ‘ஒரிஜினலா?’: பழைய ஆட்டோமேட்டிக் வாட்ச்சின் விலை குறித்து

பழைய வாட்ச் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்க்கிறவர் எங்கள் பக்கத்தில் கேட்டுவந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ‘ஓடுதா?’ இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு என்று எங்கே போனாலும் இதுதான். ஓடினால் ஒரு விலை. ஓடாவிட்டால் உதிரிக்கு எடுத்துக்கொள்கிற விலை. பேரம் அவ்வளவில் முடிந்துவிடும். கடந்த சில ஆண்டுகளில் வேறொரு கேள்வி வந்து சேர்ந்து இதை ஓரத்துக்குத் தள்ளியிருக்கிறது: ‘ஒரிஜினலா?’

முதல் கேள்வி பயன்மதிப்பைப் பற்றியது, இரண்டாவது பரிவர்த்தனை மதிப்பைப் பற்றியது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். நம் ஆட்களுக்கு அப்படி முடிப்பது பிடிக்கும். ஆனால் விஷயம் அத்தோடு தீரவில்லை. ஒரு வாட்ச் முப்பது நாற்பது வருடம் ஓடியிருக்கிறது என்றால் அதற்குள் பலருடைய உழைப்பு போயிருக்கிறது. அதில் யாருடைய உழைப்பு விலையோடு கூட்டப்படும், யாருடைய உழைப்பு குறை என்று கழிக்கப்படும் என்பதைத்தான் இந்தக் கேள்விகள் தீர்மானிக்கின்றன. அந்தக் கூட்டல் கழித்தலைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். கூடவே வாங்குகிறவர், குறிப்பாக விற்கிறவர், தெரிந்துகொள்ள வேண்டிய சில சங்கதிகளையும் சொல்லிவிடுகிறேன். நான் இந்த வாட்ச்சுகளை வாங்கி விற்கிறவன். சிறுபத்திரிகையில் எழுதுகிறவர்களில் தன்னை வியாபாரி என்று ஒத்துக்கொள்கிறவர்கள் குறைவு என்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன்.

‘ஆட்டோமேட்டிக்’ என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். தானே இயங்குவது என்று அர்த்தம் கொள்கிறோம். அப்படி எதுவும் தானே இயங்குவதில்லை. பின்மூடியைக் கழற்றினால் பாதி நிலா வடிவத்தில் ஒரு கனமான தகடு தெரியும். ரோட்டார் என்பார்கள். கை அசையும்போது அது அச்சில் சுற்றும். சுற்றுகிற வேகம் பற்சக்கரங்கள் வழியாகப் போய் உள்ளே சுருண்டிருக்கிற மெயின் ஸ்பிரிங்கை முறுக்கும். அந்த முறுக்கு அவிழும்போதுதான் முள் நகர்கிறது. ரோட்டார் எந்தப் பக்கம் சுற்றினாலும் முறுக்கேற வேண்டும் என்பது இதில் பெரிய சிக்கல். சீகோக்காரர்கள் 1959ல் இதற்கு எளிய வழி ஒன்றைக் கண்டார்கள். இரண்டு நகங்கள் கொண்ட ஒரு சின்ன நெம்புகோல். ஒரு நகம் இழுக்கும், இன்னொன்று தள்ளும். எப்படியானாலும் சக்கரம் ஒரே திசையில்தான் திரும்பும். முழுக்க முறுக்கேறியபின் ஸ்பிரிங்கின் வெளிமுனை வழுக்கிக்கொடுத்துவிடும், அறுந்துபோகாது. கழற்றி வைத்தால் ஏறக்குறைய 40 மணி நேரம் ஓடி நின்றுவிடும்.

ஆக, அதை ஓட்டுவது கட்டியிருக்கிறவரின் கை. மண்வெட்டி பிடித்த கையோ, தறியில் நின்ற கையோ, ஸ்டியரிங் பிடித்த கையோ, அந்த உழைப்பில் ஒரு துளியை உள்ளே வாங்கிக்கொண்டுதான் வாட்ச் ஓடுகிறது. நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பவர் கையில் ஆட்டோமேட்டிக் வாட்ச் மெல்ல நின்றுபோவதை நானே பார்த்திருக்கிறேன். இன்று பெருஞ்சேகரிப்பாளர்கள் இதற்கென்று மின்சாரத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் பெட்டிகளை வாங்கிவைக்கிறார்கள். கைக்கு மாற்றாக மோட்டார். 1863ல் மார்க்ஸ் எங்கெல்ஸுக்கு எழுதிய கடிதமொன்றில், நடைமுறைக்குப் பயன்பட்ட முதல் தானியங்கி எந்திரம் கடிகாரம்தான் என்று சொல்கிறார். ஆலை எந்திரத்தின் முன்னோடியை அவர் கடிகாரத்தில் பார்த்தார். கைக்கடிகாரத்துக்குத் தானே முறுக்கேறும் அமைப்பு ஜான் ஹார்வுட் என்ற ஆங்கிலேயரின் முயற்சியால் 1920களில்தான் சந்தைக்கு வந்தது. ரோட்டார் முழு வட்டமாகச் சுற்றும் அமைப்பை ரோலக்ஸ் 1931ல் கொண்டுவந்தது. ‘சாவி கொடுக்க வேண்டியதில்லை’ என்பதே அதற்கான விளம்பரமாக இருந்தது. சாவி கொடுக்கிற வேலை மறைந்துபோகவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கப்பட்டது, அவ்வளவுதான்.

எங்கள் பகுதிக்குக் கைக்கடிகாரம் வந்த வழிகளைப் பார்த்தால் மூன்று தென்படுகின்றன. மில், கல்யாணம், வளைகுடா.

இராஜபாளையத்தில் பஞ்சாலை 1936ல் தொடங்கியது. அதன்பிறகு ஊரின் நேரத்தைச் சொன்னது மில் சங்கு. உச்சிப்பொழுது, விளக்கு வைக்கிற நேரம், முதல் கார் போகிற நேரம் என்றிருந்த கணக்கின் மேல் ஷிப்ட் கணக்கு வந்து உட்கார்ந்தது. இ.பி. தாம்ஸன் 1967ல் எழுதிய, காலம், வேலை ஒழுங்கு, தொழில்முறை முதலாளித்துவம் பற்றிய கட்டுரையை இங்கே பலரும் படித்திருப்பீர்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஆலைகளில் முதலாளிகள் காலையில் கடிகாரத்தை முன்னால் தள்ளிவைத்து, சாயங்காலம் பின்னால் இழுத்துவைத்ததையும், தொழிலாளி தன் சொந்தக் கடிகாரத்தை ஆலைக்குள் கொண்டுவரவே பயந்ததையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். தொழிலாளி கையிலிருக்கிற வாட்ச் என்பது சங்கைச் சரிபார்க்கும் கருவி. அதே வாட்ச் அவனைச் சங்குக்கு முன்பே எழுப்பி ஓடவைக்கும் கருவியும்கூட. இந்த இரட்டைத்தன்மை கடைசிவரை அதைவிட்டுப் போகவில்லை. இருபத்தைந்து வருடம் உழைத்த ஆளுக்கு நிர்வாகம் வாட்ச் பரிசளிப்பது ஒரு வழக்கம். அவனிடமிருந்து எடுத்துக்கொண்டதையே பொட்டலம் கட்டித் திருப்பித் தருவதுபோல.

கல்யாணத்துக்கு வருவோம். 1961ல் இரண்டு காரியங்கள் நடந்தன. வரதட்சிணைத் தடைச் சட்டம் வந்தது. அதே வருடம் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசனோடு கூட்டுச் சேர்ந்து பெங்களூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியது. நேருவின் திட்டமிட்ட பொருளாதாரக் கனவில் ஒரு சின்னப் பல்சக்கரம் அது. ‘ஜனதா’ என்று பெயர் வைத்து 17 கல் வாட்ச் போட்டார்கள். சாவி கொடுக்கிற வகை, சாமானியனுக்கென்று. ஆட்டோமேட்டிக்கில் ‘ரஜத்’, ‘காஞ்சன்’ என்று வெள்ளியும் பொன்னுமாகப் பெயர் வந்தது. காஞ்சன் பொன்முலாம் பூசியது, கிழமையும் தேதியும் காட்டுவது. வடக்கில் அதற்கு வரதட்சிணை வாட்ச் என்றே பெயர் விழுந்துவிட்டது. நம் ஊர்களிலும் ‘மாப்பிள்ளைக்கு மோதிரம், வாட்ச்’ என்ற பட்டியல் சட்டத்தால் அசையவேயில்லை. சட்டமும் பண்டமும் ஒரே வருடத்துப் பிள்ளைகள். எது செழித்தது என்பது தெரிந்ததுதான்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்று பழைய வாட்ச்சைச் சுற்றி எழுப்பப்படும் கதையாடல் முழுக்க அப்பா, தாத்தா கதை. ஜெனீவாவின் படேக் ஃபிலிப் நிறுவனம் 1996ல் தொடங்கிய விளம்பர வரிசையில் பெரும்பாலும் தந்தையும் மகனும்தான் தலைமுறையைக் குறித்தார்கள். நம்மூர் வியாபாரிகளும் ‘தாத்தா வாட்ச்’ என்றுதான் கூவுகிறார்கள். அந்தத் தாத்தாவின் கைக்கு அது வந்த காசு பாட்டி வீட்டில் அடகுவைத்த வயலிலிருந்து வந்தது என்பதை எந்த விளம்பரத்திலும் நான் பார்க்கவில்லை. பெண்கள் கட்டிய சின்ன வாட்ச்சுகளை இந்தச் சந்தை சீந்துவதும் இல்லை. அதே கம்பெனி, அதே வருடம், இன்னும் நுணுக்கமான மெஷின், ஆனால் பாதி விலைக்குப் போகாது. அளவு சிறிது, ஆம்பளை கைக்கு ஆகாது என்பதே காரணம்.

மூன்றாவது வழி வளைகுடா. அதற்கு முன்பே சிங்கப்பூரிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ‘குருவி’கள் கொண்டுவந்த வாட்ச்சுகள் சென்னை பர்மா பஜாரில் கிடைத்தன. இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் ஃபாரின் வாட்ச் என்றால் பாதி கடத்தல் என்று பொருள். எழுபதுகளின் பின்பாதியிலிருந்து சவுதிக்கும் துபாய்க்கும் கொத்து வேலைக்கும் டிரைவர் வேலைக்கும் போனவர்கள் திரும்பும்போது கையில் கட்டிவந்தது பெரும்பாலும் சீகோ 5, சிட்டிசன், ரிக்கோ. சீகோ 5 என்பது 1963ல் வந்த வரிசை. ஆட்டோமேட்டிக், ஒரே சன்னலில் கிழமையும் தேதியும், தண்ணீர் தாங்குவது, நாலு மணி இடத்தில் உள்ளடங்கிய திருகு, உறுதியான கூடும் செயினும் என்று ஐந்து குணங்கள். அதனால் 5.

இப்போது ஓர் உதாரணம். வத்திராயிருப்பிலிருந்து தாணிப்பாறைக்குப் போகிற வழியில் இருக்கும் மகாராஜபுரத்தில் ஒரு பெரியம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரம் அது. தென்னையும் மாவும் நெல்லும். சதுரகிரிக்குப் போகிற கூட்டம் அமாவாசை பௌர்ணமிக்கு அந்த வழியாகத்தான் போகும். கணவர் இறந்து சில வருடம். அவர் கட்டியிருந்த சீகோ 5ஐ விற்க வேண்டும்.

‘பைக்குல ஒரு ஆளு வந்துச்சு தம்பி. பழைய வாட்ச்சு, பித்தளை எல்லாம் வாங்குறேன்னுச்சு. முந்நூறு தர்றேன்னு சொல்லுது. குடுத்துரவா?’

‘ஓடுதா பெரியம்மா?’

‘ஆட்டிவிட்டா ஓடும். வச்சா நின்னுரும். கட்டுறதுக்கு ஆளில்லயே.’

பின்மூடியில் இருந்ததை அவருக்கே வாசித்துக் காட்டினேன். வாசகர்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் முந்நூறுக்கும் மூவாயிரத்துக்கும் இடையில் இருப்பது இந்த வாசிப்புதான். சீகோவின் பின்மூடியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று கோடு போட்டுப் பிரித்த எண். அதன் முதல் நான்கு இலக்கம் மெஷினின் எண், இதில் 7009. டயலின் அடி ஓரத்தில், ஆறு மணிக்குக் கீழே, கண்ணாடி வைத்தால் மட்டும் தெரிகிற பொடி எழுத்தில் இன்னொரு எண் இருக்கும். அதன் முதல் நான்கு இலக்கமும் 7009 ஆகவே இருக்க வேண்டும். இருந்தது. பின்மூடியின் இரண்டாவது எண் வரிசை எண். அதன் முதல் இலக்கம் தயாரான வருடத்தின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். ஒன்று முதல் ஒன்பது வரை ஜனவரி முதல் செப்டம்பர். அக்டோபருக்கு ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. இதில் 42 என்று தொடங்கியது. வருடம் நான்கில் முடிகிறது, பிப்ரவரி. ஆனால் 1984ஆ, 1994ஆ? எந்தப் பத்தாண்டு என்பதை அந்த எண் சொல்லாது.

அதைச் சொன்னது பெரியம்மா. ‘இந்திரா காந்தியச் சுட்டாகல்ல, அப்ப இவுக லீவுல வந்து இங்கனதான் இருந்தாக. ரேடியோவுல சொல்லும்போது இந்த வாட்ச்சத்தான் பாத்துக்கிட்டே இருந்தாக.’ 1984 அக்டோபர் 31. அப்படியானால் 1984 பிப்ரவரியில் தயாரானது. எண் பாதி சொன்னது, அவர் நினைவு மீதியைச் சொன்னது. பைக்கில் வந்த ஆளின் முந்நூறு ரூபாயில் இரண்டாவது பாதிக்கு விலையே இல்லை.

கிழமைச் சன்னலில் அரபி எழுத்து தெரிந்தது. வளைகுடாச் சந்தைக்கென்று போட்டவற்றில் கிழமைத் தட்டு ஆங்கிலமும் அரபியுமாக இருக்கும். வேண்டியதை வைத்துக்கொள்ளலாம். அந்த மனிதர் ஊருக்கு வந்து இருபது வருடத்துக்குமேல் தென்னைக்குத் தண்ணி பாய்ச்சிக்கொண்டு அரபியிலேயே கிழமை பார்த்திருக்கிறார். பழக்கமா, பெருமையா, மாற்றத் தெரியாமலா? பெரியம்மாவுக்குத் தெரியவில்லை.

பின்மூடியைத் திறந்தால் உட்புறத்தில் ஊசியால் கீறிய தேதிகள் இருந்தன. 11.3.91, 6.8.97, 2.5.04. வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்கள் உலகம் முழுக்க வைத்திருக்கும் பழக்கம் இது. எப்போது பிரித்துக் கழுவி எண்ணெய் போட்டோம் என்று தமக்கே எழுதிவைத்துக்கொள்கிற குறிப்பு. மூன்றும் ஒரே கை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அண்ணாச்சி ஒருவரின் எழுத்து என்று எனக்குத் தெரியும், அவரும் இப்போது இல்லை. இந்த வாட்ச் ஒரு நாளைக்கு 5,18,400 முறை துடிக்கிறது, வினாடிக்கு ஆறு. எண்ணெய் காய்ந்துபோனால் உலோகம் உலோகத்தைத் தின்னும். நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை யாராவது பிரித்துக் கழுவாவிட்டால் இது என்றைக்கோ பழைய இரும்பு. மூன்று தேதிகள்தான் இதை உயிரோடு வைத்திருந்தன.

சர்வீஸ் பண்ணி, கண்ணாடி மாற்றி, சென்னையிலுள்ள ஒரு சேகரிப்பாளரிடம் காட்டினேன். அவர் சொன்ன குறைகள் மூன்று. கண்ணாடி கம்பெனிக் கண்ணாடி இல்லை. அரபிக் கிழமை நன்றாக இல்லை, இங்கிலீஷ் மட்டும் உள்ள தட்டு கிடைக்குமா? பின்மூடியின் உள்ளே யாரோ கீறி வைத்திருக்கிறார்கள், அதற்கு ஐந்நூறு குறைத்துக்கொள்ளுங்கள். வாட்ச் எப்படி ஓடுகிறது என்று அவர் கேட்கவேயில்லை. நாலாயிரத்துக்கு முடிந்தது. பெரியம்மாவுக்கு மூவாயிரம், சர்வீசுக்கு அறுநூறு, எனக்கு நானூறு.

‘ஒரிஜினல்’ என்ற சொல்லாடல் எப்படி வேலை செய்கிறது என்பதை இந்த ஐந்நூறு ரூபாயில் பார்க்கலாம். தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய கணம் மட்டுமே மூலம். அதன்பிறகு பட்ட ஒவ்வொரு கையும் மாசு. யாரும் தொடாத, யாரும் கட்டாத வாட்ச்சுக்குத்தான் உச்ச விலை. வால்டர் பெஞ்சமின் எந்திரரீதியாக நகலெடுக்கும் காலத்தில் கலைப்பொருளின் ஒளிவட்டம் மங்குவதைப் பற்றி எழுதினார். இங்கே லட்சக்கணக்கில் அச்சாக வார்த்தெடுத்த பண்டத்துக்கு, அதுவும் அது தயாரான ஆலை மூடிய பிறகு, ஒளிவட்டம் சூட்டப்படுகிறது. எச்.எம்.டி. இதற்கு நல்ல சான்று. ஓசூரில் டாட்டாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் 1984ல் சேர்ந்து தொடங்கிய டைட்டனின் குவார்ட்ஸ் வாட்ச்சுகளுக்கு அது ஈடுகொடுக்கவில்லை. மூடப்போகிறார்கள் என்ற செய்தி 2014ல் வந்ததும் கடைகளில் கூட்டம் மொய்த்தது, விலை ஏறியது. 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை மூடலுக்கு ஒப்புதல் கொடுத்தது. தொழிலாளியின் வேலை போன அதே நாட்களில் அவன் செய்த பொருளுக்கு மவுசு கூடியது. ஸ்விட்சர்லாந்திலும் இதுதான் கதை. 1969 டிசம்பரில் சீகோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டபின் அங்கே 1970ல் ஏறக்குறைய 90,000 பேர் இருந்த தொழில், எண்பதுகளின் முடிவில் அதில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. பிறகுதான் ‘பாரம்பரியக் கைவினை’ என்ற பேச்சு அங்கே பெரிதாகக் கிளம்பியது.

இதற்கு நேரெதிர் முனையில் மும்பை இருக்கிறது. அங்கே பழைய எச்.எம்.டி., சீகோ 5, ரிக்கோ இவற்றை மலிவாக வாங்கி, பிரித்து, டயலைச் சுரண்டிப் புதிதாகச் சாயம் அடித்து, கூட்டை மெருகேற்றி, பல உடல்களின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கி இணையச் சந்தையில் உலகம் முழுக்க அனுப்புகிறார்கள். ‘மும்பை ஸ்பெஷல்’ என்று மேற்கத்தியச் சேகரிப்பாளர்கள் இளக்காரமாகச் சொல்வது இதைத்தான். தொழிற்சாலை ஒருநாளும் போடாத நிறங்களில் எச்.எம்.டி. பைலட் கிடைக்கும். மூலத்தை நகல் விழுங்கிவிட்டது என்று கொண்டாடுகிற பின்நவீனத்துவ நண்பர்கள் இதை எடுத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதிவிடுவார்கள். எனக்கு அந்த உற்சாகம் இல்லை. சாயம் அடித்தவனின் திறமை உண்மை. வாங்கியவனிடம் ‘பழசு, அப்படியே இருக்கு’ என்று சொல்வது பொய். சாயம் அடித்த டயல் என்று சொல்லி விற்றால் அதில் ஒரு தப்பும் கிடையாது. ஆனால் அப்படிச் சொன்னால் சந்தை விலை கொடுக்காது. அதனால் கைத்திறமைக்காரன் தன் கையை மறைத்தாக வேண்டியிருக்கிறது. தொடாததைப் போற்றுகிற சந்தைதான் தொட்டதை மறைக்கிறவனையும் உற்பத்தி செய்கிறது.

சரி, வாங்குகிறவர் எதைப் பார்க்க வேண்டும்? முதலில் டயல். எழுத்து தடித்து, ஓரம் கசிந்திருந்தால், நிமிடக் கோடுகள் மணிக்குறிகளுக்கு நேராக நிற்காவிட்டால், அடி ஓரத்துப் பொடி எண் காணாமல் போயிருந்தால், அது மறுசாயம். முள்ளில் இருக்கும் ஒளிப்பூச்சும் டயலில் இருப்பதும் ஒரே மாதிரி மங்கியிருக்க வேண்டும். ஒன்று பளிச்சென்றும் இன்னொன்று பழுப்பாகவும் இருந்தால் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. கூட்டின் விளிம்புகள் சோப்பு கரைந்த மாதிரி மழுங்கியிருந்தால் அளவுக்கு மீறி மெருகு போட்டிருக்கிறார்கள். பின்மூடியைத் திறந்து காட்டாத வியாபாரியிடம் வாங்காதீர்கள், என்னிடம்கூட. உள்ளே ஈரம் பட்ட துரு இருக்கிறதா, திருகுகளின் தலை சிதைந்திருக்கிறதா, ரோட்டார் பின்மூடியில் உரசிய வட்டத் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். உரசல் இருந்தால் அச்சு தேய்ந்துவிட்டது, செலவு வைக்கும்.

நேரம் காட்டுவதைப் பொறுத்தவரை ஒரு நாளில் 86,400 வினாடி. அதில் பத்து இருபது வினாடி கூடவோ குறையவோ ஓடினால் இந்த வயசுக்குக் குற்றமில்லை. திடீரென்று நிமிடக்கணக்கில் முன்னால் ஓடினால் பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். செல்போன் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இரவு முழுக்க வைத்தால்கூடப் போதும், ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒட்டிக்கொண்டுவிடும். பள்ளிக்கூடத்துக் காம்பஸைப் பக்கத்தில் கொண்டுபோனால் ஊசி ஆடிக் காட்டிக்கொடுத்துவிடும். காந்தம் நீக்குவது ஐந்து நிமிட வேலை. இதையே பெரிய பழுது என்று சொல்லி விலையைக் குறைக்கிறவர்கள் உண்டு, விற்கிறவர் கவனிக்க. இரவு ஒன்பதிலிருந்து விடிகாலை மூன்று மணிவரை திருகைத் தள்ளித் தேதி மாற்றக் கூடாது. அந்த நேரத்தில் தேதிச் சக்கரம் பல்லில் மாட்டியிருக்கும், அவசரப்பட்டால் பல் உடையும்.

கற்களைப் பற்றி ஒரு வார்த்தை. 17 கல், 21 கல் என்று டயலில் பார்த்துவிட்டு, கல்லுக்குத் தனியாக என்ன தருவீர்கள் என்று கேட்டவர்கள் எனக்கு உண்டு. அவை செயற்கை மாணிக்கம். 1902ல் வெர்னூய் என்ற பிரெஞ்சுக்காரர் உருக்கி வளர்க்கும் முறையை வெளியிட்டபின் மலிவாகிப் போனவை. அச்சுகள் தேயாமல் சுழல்வதற்கான குழிகள், அவ்வளவே. அதேபோல ‘ரேடியம்’. இருட்டில் மின்னுகிற எதையும் நம் ஊரில் ரேடியம் என்கிறோம். வண்டியில் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுகிற கடைகூட ரேடியம் கடைதான். உண்மையான ரேடியம் 1960களின் தொடக்கம் வரை வாட்ச் டயல்களில் பூசப்பட்டது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் அதைப் பூசிய இளம் பெண்களிடம் தூரிகையின் முனையை உதட்டால் கூராக்கச் சொன்னார்கள். தாடை எலும்பு அழுகிச் செத்தார்கள். அவர்கள் தொடுத்த வழக்கு 1928ல் சமரசத்தில் முடிந்தது. ரேடியம் பாதியாகக் குறைய 1,600 வருடம் ஆகும். ஒளி மங்கிவிடும், கதிர்வீச்சு மங்காது. அந்தக் காலத்து டயலை நீங்களாகவே சுரண்டவோ ஊதவோ செய்யாதீர்கள். ‘யாரும் தொடாத ஒரிஜினல் டயல்’ என்று அதற்குக் கூடுதல் விலை சொல்லப்படும்போது முதலில் தொட்டவர்கள் யார் என்பது எனக்கு ஞாபகம் வரும்.

விற்கிறவருக்கு. பைக்கில் வருகிறவரிடம் முதல் நாளே கொடுத்துவிடாதீர்கள். ஒரு பழைய வாட்ச்சுக்கு மூன்று விலை உண்டு. உதிரி விலை, ஓடுகிற விலை, சேகரிப்பாளர் விலை. முதல் விலைக்கு வாங்கி மூன்றாவது விலைக்கு விற்பதுதான் இந்த வியாபாரத்தின் லாபம். இடையில் இருப்பது பெரும்பாலும் சர்வீஸ்கூட இல்லை, வெறும் தகவல். பின்மூடி எண்ணைப் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் உள்ள தூரம். நிலத்தரகும் ஜவுளித்தரகும் எங்கள் பக்கத்தில் இப்படித்தான் நடந்திருக்கின்றன. எனவே பின்மூடி எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில் முகப்பு, பின்மூடி, பக்கவாட்டு என்று மூன்று படம் எடுங்கள். மெருகு போட்டுக் கொண்டுபோகாதீர்கள், மெருகு விலையைக் குறைக்கும். பழைய பில், டப்பா, கழற்றிவைத்த செயின் துண்டு எதையும் தூக்கிப்போடாதீர்கள். இரண்டு பேரிடமாவது விலை கேளுங்கள்.

நான் விற்கும்போது ஒரு சீட்டு எழுதித் தருகிறேன். எந்த வருடம், எந்த ஊர், கட்டியிருந்தவர் என்ன வேலை செய்தார், எந்தெந்தத் தேதியில் சர்வீஸ் ஆனது, எந்தப் பாகம் மாறியது என்று. பெயர் போடுவதில்லை. சிலர் அதை வாங்கி மடித்து டப்பாவுக்குள் வைக்கிறார்கள். சிலர் மேசையிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். ஐந்நூறு குறைக்கச் சொன்னவர் கூட்டின் உட்புறத்தை மெருகிட்டுத் தேதிகளை எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொல்லி ஐந்நூறைக் குறைத்துக்கொண்டேன். கண்ணாடியை அவர் விருப்பப்படி மாற்றிக்கொடுத்தேன். அரபிக் கிழமைத் தட்டு அப்படியே போனது. வேறு தட்டு கிடைக்கவில்லை.